பாண்டா, போனஸா, வாடிக்கையாளர் ஒப்பந்தமா? சிறு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் தூக்குவதைத் தடுக்கும் வழிகள்

சென்னை ஓ.எம்.ஆரிலோ கோவை சரவணம்பட்டியிலோ முப்பது, நாற்பது பேரை வைத்து மென்பொருள் சேவை நடத்தும் நிறுவனத்திலிருந்து ஆள் போவது இரண்டு வாசல் வழியாக. வேலை செய்து கொடுக்கும் வாடிக்கையாளரே ஒருநாள் "அந்தப் பையனை நாங்களே எடுத்துக்கிறோமே" என்று கேட்பார், அல்லது கேட்காமலே எடுத்துக்கொள்வார். இன்னொரு வாசல், பக்கத்துக் கட்டடத்துப் போட்டி நிறுவனம். சம்பளத்தைக் கணிசமாக உயர்த்திக் கொடுத்து, சேரும்போதே கையில் ஒரு தொகையும் தந்து கூட்டிக்கொண்டு போய்விடும்.

பெரும்பாலான முதலாளிகள் இந்த இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்து ஒரே மருந்து தேடுகிறார்கள்: வேலையில் சேரும் நாளில் ஊழியரிடம் கையெழுத்து வாங்கும் காகிதம். கையில் இருக்கும் வழிகளில் அதுதான் ஆகப் பலவீனமானது. வாடிக்கையாளரைத் தடுக்க வேண்டுமானால் வாடிக்கையாளரோடு எழுத வேண்டும். போட்டியாளரைத் தடுக்கக் காகிதமே கிடையாது, பணமும் வேலை அமைப்பும்தான் உண்டு. கீழே உள்ள வழிகளை இந்தக் கண்ணோடு ஒப்பிட்டிருக்கிறோம்.

போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்ற வாக்குறுதி

வேலையை விட்டபின் ஓராண்டு, இரண்டாண்டு போட்டி நிறுவனத்திலோ வாடிக்கையாளரிடமோ சேரமாட்டேன் என்று ஊழியர் எழுதிக் கொடுக்கும் நான்-கம்பீட் நிபந்தனை. இந்தியாவில் இதற்கு உயிர் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. சட்டத்திலேயே சொல்லியிருக்கும் விதிவிலக்கு, தொழிலின் நற்பெயரை விற்கும்போது விற்பவர் மீது போடும் தடை. தடை நியாயமானதா, காலம் குறைவா, ஊர் எல்லை சிறியதா என்ற வாதமெல்லாம் இங்கிலாந்தில் எடுபடும், இங்கே எடுபடாது. 1980-இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கிலும், 2006-இல் பெர்செப்ட் டிமார்க் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் போனது.

வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு விஷயம். 1967-இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில், ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவே விட்டுப் போனவரை அந்த ஐந்தாண்டு முடியும்வரை போட்டி நிறுவனத்தில் அதே வேலையைச் செய்யக் கூடாது என்று தடுத்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். இதை நம்பி எல்லோருக்கும் நீண்ட காலவரை ஒப்பந்தம் போடலாமா என்றால், நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் "இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம்" என்ற வரியும் இருக்கும். நோட்டீஸ் முடிந்த நாளோடு தடையும் முடிந்தது.

இந்த நிபந்தனையால் கிடைப்பது பயம் மட்டும். அதுவும் புதிதாக வந்தவர்களிடம்தான். ஐந்து வருட அனுபவக்காரர் கூகுளில் இரண்டு நிமிடம் தேடினால் இது செல்லாது என்று தெரிந்துகொள்வார். அதன்பின் உங்கள் மற்ற நிபந்தனைகளையும், செல்லக்கூடியவற்றையும் சேர்த்தே, அலட்சியமாகத்தான் படிப்பார். எழுதாமல் விடுவதே மேல்.

ரகசியக் காப்பு நிபந்தனையை மட்டும் இதிலிருந்து பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அது செல்லும். மூல நிரல், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் தரவு ஆகியவற்றை அனுமதியில்லாமல் நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளும் துணைக்கு வரும். ஆனால் தலையில் இருக்கும் அனுபவம் ரகசியம் ஆகாது. வாடிக்கையாளர் யார் என்று தெரிந்திருப்பதைக் காட்டி ஒருவர் வேலை மாறுவதைத் தடுக்க முடியாது என்று 2006-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு வங்கி தன் முன்னாள் அதிகாரி மீது தொடர்ந்த வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பயிற்சி பாண்ட்

இத்தனை காலம் வேலை பார்ப்பேன், அதற்கு முன்பே போனால் இவ்வளவு தொகை தருவேன் என்று ஊழியர் எழுதிக் கொடுப்பதுதான் பாண்ட். அது செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். செல்லும், ஆனால் எழுதிய தொகை அப்படியே கிடைக்காது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும்.

இதற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2011-ஆம் ஆண்டு சிக்பா இந்தியா வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. மூன்று வருட பாண்ட், தொகை 2 லட்சம். ஊழியர் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனார். நிறுவனம் அவருக்காக உண்மையில் செலவழித்ததாகக் காட்ட முடிந்தது 67,595 ரூபாய். மீதமிருந்தது மூன்றில் ஒரு பங்கு காலம், ஆகவே கிடைத்ததும் மூன்றில் ஒரு பங்கு: 22,532 ரூபாய். வக்கீல் கட்டணத்தை நினைத்துப் பாருங்கள்.

2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வருடத்துக்கு 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. அதிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் "பாண்ட் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. குறைந்தபட்ச சேவைக் காலம் கேட்பது 27-ஆவது பிரிவின் கீழ்த் தடை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பயன். ஆனால் தொகை நியாயமா என்று பார்க்கும்போது, பொதுத்துறை வங்கி விளம்பரம், தேர்வு என்று நீண்ட நடைமுறையோடு ஆளெடுக்க வேண்டியிருப்பதையும், அந்தப் பதவியின் சம்பளத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. மாதம் 22,000 ரூபாய் வாங்கும் புதியவரிடம் 3 லட்சம் எழுதி வாங்கிவிட்டு அந்தத் தீர்ப்பைக் காட்டினால் நிற்காது.

பாண்ட் போடுவதானால் இப்படி: கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு மட்டும், காலம் 12 முதல் 18 மாதம். தொகை, உண்மைச் செலவு. அதில் வெளிப் பயிற்சியாளர் கட்டணம், சான்றிதழ் தேர்வுக் கட்டணம், பயிற்சிக் காலத்தில் வேலை எதுவும் வாங்காமல் கொடுத்த உதவித்தொகை ஆகியவை வரும். ரசீதுகளை அந்த ஊழியர் பெயரிலேயே ஒரு கோப்பில் வையுங்கள். தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் என்று எழுதுங்கள். 18 மாத பாண்டில் தொகை 90,000 என்றால், வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் 5,000 கழியும். இப்படிக் குறையும் பாண்ட் நீதிமன்றத்திலும் நிற்கும், பெற்றோரிடமும் விளக்கலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை வாங்குவது. இரண்டும் பழைய பழக்கங்கள். வழக்கு என்று வந்தால் உங்கள் நியாயம் முழுவதையும் கெடுக்கக்கூடியவையும் அவைதான்.

பாண்டின் அடிப்படைக் குறை வேறு. போட்டி நிறுவனம் அந்தத் தொகையைச் சேரும் போனஸாகக் கொடுத்துவிட்டால் பாண்ட் வெறும் விலைச்சீட்டு. மூன்று வருட அனுபவத்துக்கு மேல், அதாவது உண்மையிலேயே தூக்கப்படும் ஆட்களிடம், இது எந்த வேலையும் செய்யாது.

நோட்டீஸ் காலம்

30 நாளா, 60-ஆ, 90-ஆ? பெரிய நிறுவனங்களைப் பார்த்து 90 வைக்கும் சிறு நிறுவனங்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 90 நாள் நோட்டீஸ் என்பது ஊழியர் கையில் ஒரு வேலை உறுதியாக இருக்க, இன்னும் இரண்டு மூன்று இடங்களில் பேரம் பேச நீங்களே கொடுக்கும் அவகாசம். அந்த மூன்று மாதமும் அவர் மனத்தளவில் வெளியே இருப்பார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் புதுச் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதோடு, 90 நாள் காத்திருக்க விரும்பாத நல்ல ஆட்கள் உங்களிடம் வரவும் தயங்குவார்கள்.

சாதாரண நிலையில் 45 நாளும், டீம் லீடுக்கு 60 நாளும் போதும். "மீதி நாளுக்குச் சம்பளம் கட்டிவிட்டுப் போகலாம்" என்ற உரிமை நிறுவனத்தின் ஒப்புதலோடு மட்டும் என்று எழுதுங்கள். ஒப்புதல் இல்லாமல் கிளம்பினால் என்ன கிடைக்கும்? அதே நோட்டீஸ் சம்பளம்தான். ஆளைப் பிடித்து உட்காரவைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. நோட்டீஸ் சம்பளத்தையோ பாண்ட் தொகையையோ வசூலித்தால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை 178 சொல்கிறது. இன்னமும் சில கணக்காளர்கள் 18 சதவீதம் போடுகிறார்கள்.

டீம் லீடு ஒருவர் போனால் அவரோடு நாலு பேர் போவார்கள் என்ற அச்சம் இருந்தால், நோட்டீஸ் காலத்தில் முழுச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதலாம். இது வேலையில் இருக்கும் காலத்துக்குள் ஓட வேண்டும். வேலை முடிந்தபின் மூன்று மாதம் பணம் கொடுத்து வேறெங்கும் சேராமல் வைக்கும் ஏற்பாட்டை, வி.எஃப்.எஸ். குளோபல் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 27-ஆவது பிரிவைக் காட்டியே தள்ளியது. பணம் கொடுத்தாலும் தடை தடைதான் என்பது அதன் பொருள்.

வாடிக்கையாளரோடு எழுதும் நிபந்தனை

இருக்கும் வழிகளில் செலவு ஆகக் குறைந்ததும் பலன் ஆகக் கூடியதும் இதுதான். ஆனாலும் சிறு நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தத்தில் இது இருப்பதில்லை, அல்லது தலைகீழாக இருக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பும் அச்சடித்த ஒப்பந்தத்தில் "எங்கள் ஊழியர்களை நீங்கள் எடுக்கக் கூடாது" என்று மட்டும் இருக்கும், மறுபக்கத்துக்கு எதுவும் இருக்காது.

சட்ட நிலையும் இங்கே நமக்குச் சாதகம். 2006-இல் விப்ரோவும் பெக்மன் கூல்டரும் மோதிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கமாட்டோம் என்று இரு நிறுவனங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஊழியரின் தொழிலைத் தடுப்பதாகாது என்றது. ஊழியர் தானாகப் போகலாம், அவரைத் தடுக்க முடியாது. ஆனால் இழுத்த நிறுவனம் இழப்பீடு தர வேண்டியிருக்கும். பெக்மன், தன் பொருள்களில் அனுபவமுள்ளவர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததையே இழுப்பு என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பலவீனமான இடமும் இதுதான்: 'இழுத்தார்கள்' என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் எஃப்.எல். ஸ்மித் வழக்கில், முன்னாள் வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தார் என்பது மட்டும் போதாது, அவரைத் தேடிப்போய்க் கேட்டார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்றது. ஆள் விஷயத்திலும் இதே சிக்கல் வரும். "அவர்தான் எங்கள் வலைத்தளத்தில் விண்ணப்பித்தார்" என்று வாடிக்கையாளர் சொன்னால் உங்களிடம் என்ன பதில்?

அதனால் நிபந்தனையை 'இழுக்கக் கூடாது' என்று எழுதாமல், 'எடுத்தால் இவ்வளவு' என்று எழுதுங்கள். யார் யாரைத் தேடிப் போனார்கள் என்ற கேள்வியே எழாது. கதவைப் பூட்டுவதற்குப் பதில் கதவில் விலை எழுதி ஒட்டுவது போல.

எவ்வளவு எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வருட அனுபவக்காரருக்கு மாதச் சம்பளம் 70,000. பி.எஃப்., காப்பீடு, மடிக்கணினி, இடம், மேற்பார்வை எல்லாம் சேர்த்து இன்னொரு 25,000. அவர் வேலைக்காக வாடிக்கையாளரிடம் மாதம் வாங்கும் தொகை, அதாவது பில்லிங், 1,40,000. உங்களுக்கு நிற்பது 45,000. வாடிக்கையாளர் அவரை 95,000 சம்பளத்துக்கு நேரடியாக எடுத்தால், மேற்செலவைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், வாடிக்கையாளருக்கும் மாதம் 45,000 மிச்சம். இரு பக்கமும் வருடத்துக்கு 5,40,000. நான்கு மாத பில்லிங் 5,60,000. ஆகவே நான்கு மாதம் என்பது உங்கள் ஒரு வருட இழப்புக்குச் சமம், நீதிமன்றத்தில் தண்டனைத் தொகை என்று தோன்றாது. வாடிக்கையாளருக்கோ அதை ஈடுகட்ட ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆகும், அவசரப்பட்டு எடுக்கமாட்டார். பன்னிரண்டு மாத பில்லிங் என்று எழுதுபவர்கள் உண்டு. பேச்சுவார்த்தையில் அது அடிபட்டுப் போகும், தப்பித் தவறி நின்றாலும் 74-ஆவது பிரிவில் வெட்டப்படும். கணக்குப் போட்ட தாளை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்துவிட்டால், "இது இழப்பின் முன்மதிப்பீடு" என்று சொல்ல ஆதாரம் இருக்கும்.

தொகையைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது: ஆள் அங்கே வேலை தொடங்கி முதல் 12 மாதத்துக்குள் எடுத்தால் நான்கு மாத பில்லிங், இரண்டாம் வருடத்தில் மூன்று, அதன்பின் இரண்டு. கொள்முதல் துறையினர் முழுத் தடையை மறுப்பார்கள், இந்த ஏணிக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கட்டணம் வந்துவிட்டால் ஊழியரின் நோட்டீஸை 30 நாளாகக் குறைத்து, மாற்று ஆளுக்கு வேலையும் கைமாற்றித் தருவோம் என்று ஒரு வரி சேர்த்தால் கையெழுத்து இன்னும் எளிது.

வார்த்தைகளில் ஓட்டை விழும் இடங்கள் சில:

யாரைப் பற்றியது என்பதில் "எங்கள் ஊழியர் அனைவரும்" என்று எழுத வேண்டாம். கடந்த 12 மாதத்தில் அந்த வாடிக்கையாளரின் வேலையில் இருந்தவர்கள் என்று சுருக்குங்கள். காலம், ஒப்பந்தம் முடிந்து 12 மாதம்.

யார் எடுத்தால் என்பதை மட்டும் விரித்து எழுதுங்கள். வாடிக்கையாளர் நேரடியாக எடுப்பதைவிட அதிகம் நடப்பது, "நீ போய் அந்த வெண்டரில் சேர்ந்துக்கோ, அவங்க மூலமா இங்கேயே உட்கார்" என்ற சுற்றுவழி. குழும நிறுவனங்கள், வேறு வெண்டர், ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம் எல்லாம் அதில் வர வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரானால், அவர் இந்தியாவில் அலுவலகமே இல்லாமல் ஆளை வைத்துக்கொள்ள, அந்த ஆளைத் தங்கள் பெயரில் வேலைக்கு எடுத்துத் தரும் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு நிறுவனங்களையும் பெயர் சொல்லிச் சேருங்கள். அண்மைக்காலத்தில் சிறு நிறுவனங்கள் கண்டுகொள்ளாத பெரிய ஓட்டை அதுதான்.

எந்த ஆவணம் மேலானது என்று பாருங்கள். வாடிக்கையாளரின் மூல ஒப்பந்தத்தை மாற்ற முடியாதபோது வேலை விவரத் தாளான எஸ்.ஓ.டபிள்யூ.வில் இந்த நிபந்தனையைச் சேர்ப்பார்கள். ஆனால் மூல ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் "முரண்பட்டால் இதுவே மேலோங்கும்" என்று இருக்கும். "அந்தப் பிரிவு எப்படி இருந்தாலும் இது செல்லும்" என்ற சொல் எஸ்.ஓ.டபிள்யூ.வில் வேண்டும், அதையும் மூல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அதே அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு நுணுக்கம். 'மீறினால் இழப்பீடு' என்று எழுதியதற்கு மேலே சொன்ன சுற்றறிக்கைப்படி வரி வராது. 'இவ்வளவு கட்டி எடுத்துக்கொள்ளலாம்' என்ற கட்டணம் சேவைக்கான விலை, 18 சதவீதம் வரும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். சாதாரண நிறுவன வாடிக்கையாளர் அதை உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வார், சிக்கல் இல்லை. வங்கிகள் பெரும்பாலும் பாதி வரவுதான் எடுக்கின்றன, அங்கே தொகை பேசும்போது இது இடிக்கும். "வரி தனி" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டால் அந்த 18 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த மையத்தை, ஜி.சி.சி. என்கிறார்களே, அதைச் சென்னையில் தொடங்கும்போது கணக்கே வேறு. அவர்கள் உங்களிடம் வருவதே ஆளைத் தேடித்தான். அங்கே தடுக்க முயல்வதில் பொருள் இல்லை. முதல் நாளே, பதினெட்டாம் மாதம் இத்தனை பேரை இந்த விலைக்கு ஒப்படைக்கிறோம் என்று எழுதி, பில்லிங்கிலும் அதைச் சேர்த்துவிட வேண்டும்.

போட்டியாளரோடு கைகுலுக்கல்

"நீ என் ஆளை எடுக்காதே, நான் உன் ஆளை எடுக்கமாட்டேன்" என்று பக்கத்து நிறுவன முதலாளியோடு காபி குடித்துக்கொண்டே பேசிக்கொள்வது. வேண்டாம். மேலே சொன்ன வாடிக்கையாளர் நிபந்தனை ஒரு சேவை ஒப்பந்தத்தோடு ஒட்டியது, அதனால் அதற்கு நியாயம் உண்டு. இது வெறுமனே ஆள் சந்தையைப் பிரித்துக்கொள்வது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு இதன் மீது பாயலாம். அமெரிக்காவில் கூகுள், ஆப்பிள், இன்டெல், அடோபி நான்கும் இப்படி நடந்துகொண்டதற்காக ஊழியர்களுக்கு 41.5 கோடி டாலர் கொடுத்து 2015-இல் வழக்கை முடித்தன. அதோடு, சிறு நிறுவனங்களுக்குள் இந்த வாக்கு ஆறு மாதம்கூட நிற்காது. முதலில் மீறுபவர் லாபம் பார்ப்பார்.

பின்னால் வரும் பணம்

போட்டியாளரை எதிர்கொள்ள உண்மையில் இருக்கும் கருவி இது. எல்லோருக்கும் அல்ல. நாற்பது பேரில், போனால் ஒரு வாடிக்கையாளரும் கூடவே ஆட்டம் காணும் என்ற நிலையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும்.

வருடச் சம்பளத்தில் 15 சதவீதம் தக்கவைப்பு போனஸ் என்று வையுங்கள். மேலே சொன்ன 70,000 சம்பளக்காரருக்கு 1,26,000. ஐந்து பேருக்கு வருடம் 6,30,000. ஒருவர் போனால் ஒரு வருடத்தில் இழப்பது 5,40,000, அதன்மேல் மாற்று ஆளுக்கு வேலைவாய்ப்பு ஏஜென்சி கேட்கும் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வருடத்தில் ஒன்றிரண்டு பேர் போவதைத் தடுத்தாலே போட்ட பணம் வந்துவிடும்.

முன்பணமாகக் கொடுத்து, போனால் திரும்ப வாங்கும் முறை தலைவலி. வரி பிடித்த பிறகு ஊழியர் கையில் போனது ஒரு தொகை, நீங்கள் திரும்பக் கேட்பது இன்னொரு தொகை என்று வரும். கட்டிய வருமான வரியை அவர் திரும்பப் பெறுவது எளிதல்ல. கடைசிச் சம்பளத்தில் கழிப்பதற்கும் வரம்பு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், கழிவுகள் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலம் முடிந்தபின் கொடுங்கள்: 12-ஆம் மாதம் ஒரு பங்கு, 24-ஆம் மாதம் இரண்டு பங்கு. திரும்பக் கேட்க எதுவும் இருக்காது.

தேதியிலும் கவனம் வேண்டும். எல்லோருக்கும் ஏப்ரலில் போனஸ் என்றால், மே முதல் வாரம் ராஜினாமா மின்னஞ்சல்கள் வரிசையாக வரும். ஆளுக்கு ஆள் சேர்ந்த தேதியை வைத்துப் பிரித்துவிடுங்கள்.

ஈசாப் எனப்படும் பங்கு விருப்பம், அதாவது நிறுவனப் பங்கைக் குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கும் உரிமை, பற்றி எல்லோரும் கேட்பார்கள். நிறுவனம் எல்.எல்.பி.யாக, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாக, இருந்தால் அதில் பங்கே இல்லை, ஆகவே ஈசாப்பும் இல்லை. பிரைவேட் லிமிடெட் ஆனால் 2013 நிறுவனச் சட்டத்தின்படி விருப்பத்தைக் கொடுத்ததற்கும் அதைப் பங்காக மாற்றும் உரிமை கனிவதற்கும் இடையே குறைந்தது ஒரு வருடம் வேண்டும். பங்காக மாற்றும் நாளில் ஊழியர் கையில் காசு வராமலே வரி கட்ட நேரலாம். விற்க ஆள் இல்லாத சேவை நிறுவனத்தின் பங்கு, வீட்டுக் கடன் தவணை கட்டும் ஊழியருக்குக் காகிதம்தான். லாபத்தின் ஒரு பகுதியை நிழல் பங்கு கணக்கில் எழுதி மூன்றாம் வருடம் ரொக்கமாகக் கொடுப்பது இத்தகைய நிறுவனங்களுக்கு எளிது. பொருள் தயாரித்து, முதலீடு திரட்டும் எண்ணமுள்ள நிறுவனமானால் ஈசாப்பே சரி.

ராஜினாமா வந்தபின் எதிர்ச்சலுகை கொடுப்பதை இந்தப் பட்டியலில் ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். ராஜினாமா கொடுத்தால்தான் சம்பளம் ஏறும் என்று மீதிப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பது அது.

ஒரே ஆளிடம் எல்லாம் இருப்பது

வாடிக்கையாளரிடம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அங்கேயே மின்னஞ்சல் முகவரி, அங்கேயே தேநீர், அங்கேயே பிறந்தநாள் கேக். உங்கள் அலுவலகத்தை அவர் பார்ப்பது ஆயுதபூஜைக்குத்தான். பில்லிங் தொகையும் ஒருநாள் அவர் கண்ணில் படும். "என்னை வச்சு இரண்டு மடங்கு வாங்குறாங்க" என்ற எண்ணம் அன்று விழும். நாமே அந்தக் கணக்கை, மேலே போட்டது போல 70,000, 25,000, 45,000 என்று, அவரிடம் திறந்து காட்டிவிடுவது நல்லது. பில்லிங் உயர்ந்தால் உயர்வில் ஒரு பங்கு அவருக்கு என்ற ஏற்பாடு பல இடங்களில் போனஸைவிட நன்றாக நிற்கிறது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முக்கிய ஆளோடு இன்னொருவர் வாரத்தில் ஒருநாள் கூட இருக்க வேண்டும், நிரல் மதிப்பாய்வுகளில் அவர் பெயரும் இருக்க வேண்டும். எட்டு, பத்து பில்லிங் இருக்கைக்கு ஒருவரைப் பில்லிங் இல்லாமல் வைத்திருப்பது மாதம் லட்சத்துக்குப் பக்கத்தில் செலவு. இருபது பேருக்குக் கீழே உள்ள நிறுவனத்தால் இதைத் தாங்க முடியாது, அங்கே முதலாளியே அந்த இரண்டாவது ஆளாக இருக்க வேண்டியதுதான். 18 மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது கேட்க நன்றாக இருக்கும். வாடிக்கையாளர் எதிர்ப்பார், மாற்றப்பட்டவரும் சிலசமயம் அதையே சாக்காக வைத்துக் கிளம்புவார். மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

எதை முதலில்

பத்துப் பதினைந்து பேர், இரண்டு வாடிக்கையாளர் என்றால், அடுத்த எஸ்.ஓ.டபிள்யூ. புதுப்பிப்பில் நான்கு மாதக் கட்டண நிபந்தனை. வக்கீல் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தலாம். வேறு எதிலும் பணம் போட வேண்டாம். முப்பது நாற்பது பேரானால் அதோடு ஐந்து பேருக்குத் தக்கவைப்பு போனஸ், டீம் லீடுகளுக்கு 60 நாள் நோட்டீஸ். வருடந்தோறும் கல்லூரிக்குப் போய் ஆளெடுத்து மூன்று மாதம் பயிற்சி கொடுப்பவர்களுக்கு மட்டும் குறையும் பாண்ட். வருமானம் முழுவதும் ஒரே அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்றால், அங்கே போய் வழக்குப் போடும் எண்ணத்தை விடுங்கள். மாத பில்லிங்கை மாதத் தொடக்கத்திலேயே முன்கூட்டி வாங்கும் முறையும், ஒரு மாதத் தொகை வைப்பாக உங்களிடம் இருப்பதும்தான் பிடி.

ஏற்கெனவே ஆள் போய்க்கொண்டிருந்தால்

முதலில் ஒப்பந்தத்தையும் பிற்சேர்க்கைகளையும் எடுத்து, நிபந்தனை உயிரோடு இருக்கிறதா, மூல ஒப்பந்தம் அதை விழுங்கிவிட்டதா என்று பாருங்கள். லிங்க்ட்இன் மாற்றம், வாடிக்கையாளர் முகவரியிலிருந்து வந்த கூட்ட அழைப்பு ஆகியவற்றைத் தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். ஊழியரின் சொந்தக் கைபேசியைத் தொடாதீர்கள். வாடிக்கையாளரின் திட்ட மேலாளரிடம் போகாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு, பிரிவு எண்ணைச் சொல்லி, மரியாதையான ஒரு கடிதம். 30 நாளில் கட்டணம் வராவிட்டால் நடுவர் மன்றம், அல்லது தொகை 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்காத வழக்கானால் அதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம்.

நடைமுறையில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. அந்த வாடிக்கையாளரிடம்தான் மீதி ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். நிபந்தனை கையில் இருந்தால் அதைக் காட்டி வேறு ஒன்றைப் பெறலாம்: கட்டணம் இரண்டு தவணையில், அல்லது மீதிப் பேரின் ஒப்பந்தம் ஆறு மாதம் நீட்டிப்பு, அல்லது காலியான இருக்கைக்கு உங்கள் ஆளே. பதிலுக்கு உங்கள் பில்களை நிறுத்திவைப்பார்கள் என்ற பயம் இருந்தால் குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா பாருங்கள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்பது கொள்முதல் துறைக்குத் தெரிந்த எண்.

போகும் ஊழியரின் ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைக்கும் ஆசை வரும். வாடிக்கையாளரிடம் போகிறவருக்கு அது தேவையே இல்லை, அவரை அவர்களுக்குத் தெரியும். போட்டியாளரிடம் போகிறவர் சம்பளச் சீட்டையும் பி.எஃப். கணக்கையும் காட்டிச் சேர்ந்துவிடுவார். உங்களுக்கு மிஞ்சுவது, ஊழியர்கள் நிறுவனங்களை மதிப்பிடும் கிளாஸ்டோர் தளத்தில் ஒற்றை நட்சத்திரமும், அடுத்த முறை ஆளெடுக்கும்போது விண்ணப்பதாரர் அதைப் படித்துவிட்டு வந்து கேட்கும் கேள்வியும். கணக்கை இரண்டு நாளில் முடித்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு நாளை அவர் கையிலிருந்த கடவுச்சொற்களையும் சர்வர் அனுமதிகளையும் மாற்றுவதற்குச் செலவிடுங்கள்.